கரி எரிந்து முடியும் வரை

என் மருமகள் ஒரு தடவை வேனுக்கு அடியில் ஓர் எரிமலையைக் கட்டிக்கொண்டு, உள்ளே இரண்டு நோயாளிகளையும் ஒரு மாமியாரையும் உட்காரவைத்து, நாட்டின் எல்லை வரை பறந்து போய், காவலர்கள் சல்யூட் அடித்த பிறகு திரும்பி வந்தாள்.

சரி, எல்லை வரை போகவில்லை. ஊரைச் சுற்றிப் போகும் புறவழிச் சாலையோடு சரி. சல்யூட் அடித்தவர் ஐஸ் வண்டிக்காரர் ஒருவர். அவரும் ஈ விரட்டத்தான் கையைத் தூக்கியிருப்பார். எரிமலையும் எரிமலை அல்ல, புகைக்குழாயின் நடுவில் இருக்கும் ஒரு வடிகட்டி. ஆனால் அதற்குள் அன்றைக்கு எரிந்த நெருப்பு நிஜம். அதை அணைய விடாமல் ஓட்டியவள் என் மருமகள் என்பதும் நிஜம். மிச்சத்தில் உப்பும் காரமும் கொஞ்சம் தூக்கலாக இருந்தால், அது என் கைப்பக்குவம் என்று விட்டுவிடுங்கள்.

அவள் இந்த வீட்டுக்கு வந்தபோது பிஸ்கட் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தெரு நீளத்துக்கு அடுப்பு. அதன் சூடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று முள்ளைப் பார்த்துக்கொண்டே நிற்பதுதான் வேலை. ஆலைக்குள் நின்ற கண் வீட்டிலும் சும்மா இருக்காது. பால் பொங்குவதற்கு முன்பே அடுப்படிக்கு ஓடுவாள். தண்ணீர்த் தொட்டி நிரம்பப் போவதைச் சத்தத்திலேயே சொல்லிவிடுவாள். "மருமகள் வரவில்லை, கண்காணிப்பு அதிகாரி வந்திருக்கிறாள்" என்று நான் தங்கையிடம் போனில் புலம்பியது உண்டு.

ஆலையை மூடினார்கள். என் மகன் கண்ணாடிக் கடையில் ஊருக்கே கண் பரிசோதிக்கிறவன். ஆனால் தன் பெண்டாட்டி எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது மட்டும் அவனுக்குத் தெரியவில்லை. "இனிமே வீட்ல நிம்மதியா இரு" என்றான்.

"நீங்க இருங்க நிம்மதியா. நான் வண்டி ஓட்டக் கத்துக்கப் போறேன்" என்றாள். போனாள், கற்றுக்கொண்டாள், ஒரு பழைய டீசல் வேனோடு வந்து வாசலில் நின்றாள். பின்கதவில் சக்கர நாற்காலியை ஏற்றி இறக்கும் லிஃப்ட் வைத்த வேன். நுரையீரல் பலவீனமானவர்களுக்கு மூச்சுப் பயிற்சி கொடுக்கும் மையம் ஒன்று எங்கள் பக்கத்தில் இருக்கிறது. வீட்டு வாசலில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டு, மறுபடி வீட்டு வாசலில் இறக்கும் வேலை அவளுக்குக் கிடைத்தது.

அந்த மையத்துக்கு நாங்கள் வைத்த பெயர் மூச்சுப் பள்ளிக்கூடம். உள்ளே வயசான மாணவர்கள் குழாயில் ஊதி, கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் பந்தை மேலே தூக்குவார்கள். அவர்களில் எங்கள் வேனில் வருகிறவர்கள் இருவர். ஒருவர் ஓய்வுபெற்ற தபால்காரர். நடப்பார், ஆனால் வாசற்படி ஏறினால் கொஞ்ச நேரம் பேச மாட்டார். அவர் பேசாமல் இருக்கும் நேரம் அது ஒன்றுதான் என்று அவர் மனைவி சொல்வார். இன்னொருவர் கணக்கு டீச்சர். சக்கர நாற்காலி, மடியில் கைக்குழந்தை போல ஒரு சின்ன ஆக்சிஜன் சிலிண்டர். உள்ளே காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்ட அதில் ஒரு முள்; நிறைய இருந்தால் பச்சையில் நிற்கும், தீரப் போனால் சிவப்புக்கு இறங்கும். நான் யாரென்று கேட்டால், வீட்டில் போரடித்துப்போய் முன்சீட்டில் ஏறிக்கொள்கிற ஆள். மூச்சு எனக்கு நன்றாகவே இருக்கிறது. நாக்குக்கும் சேர்த்து இருக்கிறது.

இப்போது அந்த வடிகட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டீசல் வண்டியின் புகைக்குழாயில் தேன்கூடு மாதிரி ஒன்று இருக்கும். வெளியே போகிற கரியெல்லாம் அதில் தங்கிவிடும். நிறைய நிறைய, வண்டி தானாகவே கொஞ்சம் கூடுதல் டீசலை விட்டு, தேன்கூட்டைப் பழுக்கச் சூடாக்கி, கரியை எரித்துத் தள்ளிவிடும். மெக்கானிக் இதை ரீஜென் என்பான். எங்கள் வீட்டில் எரிப்பு. எரிப்பு பிடித்துவிட்டால் வண்டி சிறிது நேரம் நிற்காமல் நல்ல வேகத்தில் ஓட வேண்டும். நடுவில் எஞ்சினை அணைத்தால் கரி அப்படியே தங்கிவிடும். அடுத்த நாள் அதன் மேல் புதுக் கரி.

இங்கேதான் சிக்கல். எங்கள் வேனின் லிஃப்ட் கீழே இறங்க வேண்டுமானால் எஞ்சின் அணைந்திருக்க வேண்டும். ஆள் ஏறும்போது வண்டி நகர்ந்துவிடக் கூடாது என்று செய்தவன் வைத்த பூட்டு அது. டீச்சரை ஏற்ற ஒரு தடவை, இறக்க ஒரு தடவை என்று அணைத்து அணைத்து, எந்த எரிப்பும் முழுசாக முடிவதில்லை.

என் மருமகள் இதைச் சும்மா விடுகிறவளா? ஸ்டீயரிங்குக்கு அடியில் தீப்பெட்டி அளவில் ஒன்றைச் செருகினாள். அது வண்டியின் வயிற்றில் நடப்பதையெல்லாம் அவள் போனுக்குச் சொல்லும். கரி எத்தனை சதவீதம், சூடு எவ்வளவு, எரிப்பு நடக்கிறதா இல்லையா என்று எல்லாமே திரையில் தெரியும். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவளைப் பார்த்து "சாப்பிட்டியா" என்று யாரும் கேட்பதில்லை. "எத்தனை சதவீதம்?" என்றுதான் கேட்போம். காலி வேனில் எரிப்பு பிடித்தால் உடனே புறவழிச் சாலைக்குப் போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவாள்.

எதிர் வீட்டம்மா என்னிடம் கேட்டார். "உங்க மருமக என்ன, ஆளே இல்லாம சும்மா சும்மா ஊரைச் சுத்துறா?"

"நெருப்ப வாக்கிங் கூட்டிட்டுப் போயிருக்கா" என்றேன். அதற்குப் பிறகு அந்த அம்மா என்னிடம் ஒரு மாதம் பேசவில்லை.

இந்த ஏற்பாடு நன்றாகத்தான் ஓடியது, மையத்தில் நேரத்தை மாற்றும் வரைக்கும். அதன் பிறகு அவளுக்குக் காலி வேனே கிடைக்கவில்லை. எரிப்பு பிடிக்கும், டீச்சர் வீடு வரும், அணைப்பாள். கரி ஏறிக்கொண்டே போனது. ஒரு நாள் ஸ்டீயரிங்குக்கு எதிரே மஞ்சள் விளக்கு எரிந்தது. அந்த நேரம் பார்த்து மையத்திலிருந்து ஓர் அறிவிப்பும் வந்தது. எல்லா வண்டிகளும் புகைச் சோதனையில் தேறிவிட்டு வர வேண்டும், தேறாவிட்டால் அந்தச் சவாரி ஒரு பெரிய பஸ் கம்பெனிக்குப் போய்விடும் என்று. மஞ்சள் விளக்கு எரிகிற வண்டியைச் சோதனைக்கூடத்தில் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பஸ் கம்பெனியின் பஸ் முக்குக்கு முக்குதான் நிற்கும், சந்துக்குள் வராது. தபால்காரர் எப்படியாவது போய் ஏறிவிடுவார். டீச்சரின் சந்தில் ஆட்டோ நுழைவதே பெரும்பாடு. அந்தச் சந்துக்குள் வேனைப் பின்பக்கமாகவே கொண்டுபோய் லிஃப்டை நேராக வாசற்படியில் வைக்கிறவள் இந்த ஊரில் ஒருத்திதான். வேன் நின்றால் டீச்சரின் பயிற்சியும் நின்றுவிடும். அவர் நுரையீரல் இருக்கிற இருப்பில், அதை நிறுத்தினால் என்ன ஆகும் என்று எங்களில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மெக்கானிக்கிடம் போனோம். என் மருமகளுக்குத் தம்பி முறையாக ஒட்டிக்கொண்டவன், நல்ல பையன். குனிந்து பார்த்தான், நிமிர்ந்தான்.

"அக்கா, சோதனைக்கு முன்னாடி இத மெஷின் போட்டு எரிக்க முடியாது. மெஷின் ரிப்பேருக்குப் போயிருக்கு. ஒண்ணு பண்ணலாம். இதக் கழட்டி, உள்ள இருக்கறத நோண்டி எடுத்துட்டு, வெறும் டப்பாவா மாட்டிடறேன். வண்டி கம்ப்யூட்டருக்கு எல்லாம் சரியா இருக்குன்னு ஒரு பொய்யச் சொல்லிக் குடுத்துட்டா விளக்கு அணைஞ்சுடும்."

"பொய் சொல்றதுக்கு எங்க வீட்ல ஏற்கெனவே ஆள் இருக்காங்க" என்றாள் என்னைப் பார்த்து.

"நான் சொல்றது பொய் இல்லடி, அலங்காரம்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. வேனின் பின்பக்கம் போய் நின்று அவனைக் கூப்பிட்டாள். "இங்க வா. லிஃப்ட்ல இறங்கினா டீச்சர் எங்க நிப்பாங்க? இந்தா, இந்தக் குழாய்க்கு நேரா. உக்காந்திருக்கற அவங்க மூக்குக்கு இது ரொம்பக் கிட்ட. அடுத்தாப்ல நான் வண்டிய எடுக்கறப்ப வர்ற கரியெல்லாம் எங்க போகும்னு நீயே சொல்லு."

அவன் தலையைச் சொறிந்தான். "தப்புதான்க்கா. அப்ப ஒரே வழிதான். வண்டி தானா ஒரு தடவை எரிக்கப் பார்க்கும். அது பிடிச்சுதுன்னா விட்டுடாதீங்க. கரி பாதிக்குக் கீழ வர்றதுக்கு முன்னாடி நின்னுதுன்னா அப்புறம் அது தானா எரிக்காது. விளக்கு அணையணும்னா அதுக்கும் நல்லாக் கீழ வரணும்."

சோதனைக்கு முதல் நாள், ஆள் ஏற்றும் நேரத்துக்கு முன்பே விடியற்காலையில் எழுந்து காலி வேனில் புறவழிச் சாலையைச் சுற்றினாள். எரிப்பு வரவில்லை. கூப்பிட்டால் வருகிற மாப்பிள்ளையா அது? சாயங்காலம், மையத்திலிருந்து இருவரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பி, முதல் திருப்பம் திரும்பியதும் வந்தது. எஞ்சினின் உறுமல் மாறியது. மின்விசிறி சத்தம் எழுந்தது. இஸ்திரிப் பெட்டியை மறந்து வைத்தது போல ஒரு வாசனை. எனக்கு முன்னால் கவ்வியில் மாட்டியிருந்த போனில் சூட்டின் எண் தாவித் தாவி ஏறியது. கரி தொண்ணூற்றைத் தாண்டி இருந்தது.

அவள் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, விட்டுவிடப் போகிறாள் என்று.

"டீச்சர், உங்கள முதல்ல வீட்ல விட்டுடறேன்" என்றாள்.

"லிஃப்ட இறக்க எஞ்சின அணைக்கணுமே" என்றார் டீச்சர்.

"அணைச்சுக்கலாம்."

"அணைச்சா நாளைக்கு?"

அவள் டீச்சர் வீட்டுப் பக்கம் திரும்ப இண்டிகேட்டரைப் போட்டாள்.

"அடியே, நான் ரிட்டையர் ஆகி இத்தனை வருஷம் ஆச்சு. எங்க வீட்ல எனக்காக யாரும் மணி அடிச்சுட்டு நிக்கல. நேரா ஓட்டு."

"எனக்கும் ஒண்ணும் அவசரமில்ல" என்றார் தபால்காரர். "ஊர்க் கடுதாசி எல்லாம் போட்டாச்சு."

என் மருமகள் கண்ணாடியில் இருவரையும் பார்த்தாள். "ஒரு நிபந்தனை. சிலிண்டர் முள்ள ஐயா பார்த்துச் சொல்லிக்கிட்டே வரணும். முள் பச்சைய விட்டுக் கீழ வந்துதுன்னா நான் எங்கனாலும் நிறுத்திடுவேன். சோதனையும் வேண்டாம், சவாரியும் வேண்டாம். சம்மதமா?"

சம்மதம் என்றார்கள். வேன் புறவழிச் சாலைக்குத் திரும்பியது.

அந்த வழி தபால்காரர் வீட்டைத் தாண்டித்தான் போகும். அவர் மனைவி வழக்கம்போலக் கணவரைக் கைபிடித்து இறக்க வாசலில் நின்றிருந்தார். வேன் நிற்காமல் போனது. தபால்காரர் ஜன்னல் வழியாகக் கையசைத்தார். அடுத்த நிமிஷம் அவர் போன் அலறியது.

"ஏங்க, இப்பப் போனது நீங்கதானா?"

"நான்தான்."

"இறங்கல?"

"இப்ப முடியாது. எரிஞ்சுக்கிட்டிருக்கு."

"என்ன எரியுது?"

"வேனுக்கு அடியில."

"ஐயோ! குதிச்சிடுங்க!"

"குதிக்கறதாவது! அது எரியணும்னுதானே நாங்க எல்லாம் உக்காந்திருக்கோம். சாப்பாட்ட மூடி வை" என்று போனை வைத்தார். பாவம் அந்த அம்மா, அன்றைக்கு யார் யாருக்கெல்லாம் போன் செய்தாரோ.

பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. முன்சீட்டில் நான் கரியைப் படித்தேன். பின்னால் தபால்காரர் சிலிண்டரைப் படித்தார். டிக்கெட் இல்லாத பஸ்ஸில் இரண்டு கண்டக்டர்கள்.

"எண்பத்தஞ்சு!"

"பச்சை!"

"எழுபத்தெட்டு!"

"பச்சை!"

டீச்சர் நடுவில் விடாமல் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தார். "இந்த வேகத்துல குறைஞ்சா பெரிய பாலம் தாண்டினதும் பாதியாயிடும்."

"இப்படித்தான் கணக்குப் போட்டு எங்க பையன ஃபெயில் பண்ணீங்க" என்றார் தபால்காரர்.

"உங்க பையன் வட்டத்துக்கு நாலு மூலைன்னு எழுதினவன். நான் ஃபெயில் பண்ணலன்னா வட்டம் வந்து என்னக் கேட்டிருக்கும்."

பாலத்துக்கு முன்னால் லாரிகள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தன. நின்றால் சூடு இறங்கிவிடும். என் மருமகள் தொலைவிலேயே அதைக் கவனித்து, வேகத்தை அறவே விடாமல் பக்கச் சாலைக்குள் இறங்கி, செங்கல் சூளைகளைச் சுற்றி, வரிசையின் தலைக்கு முன்னால் போய் ஏறினாள். ஒரு பிரேக் இல்லை, ஒரு ஹாரன் இல்லை. நெருப்பை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடக்கிறவள் எப்படி நடப்பாள்? அப்படி ஓட்டினாள். நான் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். பால் பொங்குவதற்கு முன்னால் அடுப்படிக்கு ஓடுகிறவளைப் பார்த்து முன்பு சலித்துக்கொண்டேனே, அந்த நாட்களுக்கெல்லாம் சேர்த்து எனக்கு அப்போது பெருமையாக இருந்தது.

"நாப்பத்தெட்டு! பாதி தாண்டியாச்சு!"

"பச்சை!"

"முப்பது!"

"பச்சை!"

பதினாலு என்று நான் படித்து வாய் மூடவில்லை. முள் பச்சையிலிருந்து சிவப்புக்கு ஒரே தாவலாகத் தாவியது. கண்ணாடியில் அவள் அதைப் பார்த்துவிட்டாள். வேனை அப்படியே ஓரம் கட்டினாள். வண்டி இரண்டு சக்கரத்தில் நின்று, யோசித்து, மற்ற இரண்டையும் கீழே வைத்தது. ஒரு டயர் கடைக்கு எதிரே மரநிழலில் எஞ்சினை அணைத்துவிட்டு, பின்பக்கம் ஓடிக் கதவைத் திறந்து டீச்சரிடம் போனாள். சிலிண்டரில் அவள் கை என்ன செய்தது என்று முன்சீட்டிலிருந்து எனக்குத் தெரியவில்லை. டீச்சரின் முதுகைத் தடவிக்கொண்டே வெகுநேரம் நின்றாள். போனில் 'எரிப்பு முடியவில்லை' என்று வந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டீச்சருக்குப் பேச்சு திரும்பியதும் முதல் வேலையாகத் திட்டினார். "பதினாலுல போய் யாராவது நிறுத்துவாங்களா? இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தா பூஜ்யம்டி!"

"நான் நிறுத்துவேன்" என்றாள் என் மருமகள். அவ்வளவுதான் சொன்னாள்.

கொஞ்ச நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினாள். நாங்கள் நால்வரும் அந்த மஞ்சள் விளக்கு இருக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். எல்லா விளக்குகளும் ஒரு தடவை எரிந்தன. ஒவ்வொன்றாக அணைந்தன. மஞ்சள் விளக்கு எல்லோருக்கும் கடைசியாக, மனசே இல்லாமல் அணைந்தது. தபால்காரர் கைதட்ட ஆரம்பித்து, மூச்சு வாங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் சோதனைக்கூடத்தில் அதிகாரி புகைக்குழாய்க்குள் ஒரு கம்பியை விட்டுப் பார்த்தார். எந்திரத்தைப் பார்த்தார். நம்பிக்கை இல்லாமல் தன் விரலையே உள்ளே விட்டுத் துடைத்து எடுத்தார். விரல் போனபடியே வந்தது. குழாய் அவ்வளவு சுத்தம் என்று அந்த விரலாலேயே கண்ணில் தூசி எடுத்துக்கொண்டார் என்று நான் மருந்துக்கடை வரிசையில் சொல்லி வருகிறேன். நீங்கள் பாதி நம்பினால் போதும். வேன் தேறியது, சவாரி எங்களிடமே இருக்கிறது. மையத்தில் பேசி, சாயங்காலம் ஆட்களை ஏற்றுவதற்கு முன்னால் ஒரு காலிச் சுற்றுக்கு நேரம் வாங்கிவிட்டாள். தெருவில் என்னை இப்போது வேன்காரி மாமியார் என்கிறார்கள். படித்தவர், பெரிய மனுஷி என்றெல்லாம் என்னை முன்பு சொன்னவர்கள்தான். எனக்கு இந்தப் பட்டம் போதும்.

இதை எழுதி முடித்து, வேனுக்காக மையத்துக் கூடத்தில் காத்திருந்த டீச்சருக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எரிமலை, எல்லைக் காவலர், இரண்டு சக்கரம் எதற்கும் வாய் திறக்கவில்லை. முடித்ததும் கண்ணைத் திறந்தார்.

"ஒரு இடம் தப்பு."

"ஒண்ணுதானா?"

"மத்ததெல்லாம் உங்க வியாபாரம். இது என்னோடது. முள் சிவப்புக்கு வரவே இல்ல. தபால்காரர் பொய் சொல்லல, கடைசி வரைக்கும் பச்சைதான். பாலம் தாண்டினதும் சிலிண்டர்ல காத்து விடற திருக நான்தான் மூடிட்டேன். மூடிட்டா முள் இறங்காதே. முள் இறங்கினா உங்க மருமக நிறுத்திடுவாளே."

நான் எழுதியதைப் பின்னுக்குப் புரட்டி அந்த இடத்தைத் தேடினேன்.

"அவ முள்ளப் பார்க்கல. முப்பதுக்கு அப்புறம் நான் கணக்குச் சொல்லல பாருங்க, அதக் கவனிச்சுத்தான் நிறுத்தினா. வந்தா, திருகத் திறந்து விட்டா, ஒரு வார்த்தை கேக்கல. உங்ககிட்டயும் சொல்லல. சிவப்ப அடிச்சுட்டு அத எழுதுங்க."